வண்டி இல்லாமல் ஸ்காபரோவில் இலையுதிர்காலத்தை ரசிக்க முடியுமா?

காவிரிக்கரை:

வணக்கம். கும்பகோணத்திலிருந்து சென்ற ஜனவரியில்தான் டொராண்டோவின் ஸ்காபரோ பகுதிக்கு வந்தோம். ஆகவே இது எங்களுக்கு முதல் இலையுதிர்காலம். எல்லோரும் சொல்கிறார்களே என்று போன ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு வடக்கே ஒரு பூங்காவுக்குப் புறப்பட்டோம். போகவர ஏழு மணி நேரம் ஆயிற்று. அதில் மரத்தடியில் நின்றது நாற்பது நிமிடம் இருக்கும்; மற்ற நேரமெல்லாம் முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "மரம் பட்டுப்போவதைப் பார்க்கவா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டுவிட்டு வேனிலேயே தூங்கிவிட்டார்.

எங்களிடம் சொந்த வண்டி கிடையாது. பேருந்திலோ நடந்தோ போய், ஆறு வயதுப் பையனும் அறுபத்தெட்டு வயது மாமியாரும் சேர்ந்து ரசிக்கும்படி இந்தப் பருவத்தில் ஸ்காபரோவில் என்ன இருக்கிறது என்று நெடுநாள் இங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஒரே தெருவில் ஒரு மரம் சிவப்பாகவும் அடுத்தது மஞ்சளாகவும் ஏன் இருக்கிறது என்று பையன் நச்சரிக்கிறான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பனைநிழல்:

சகோதரி, மகனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மஞ்சள் நிறம் கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் அதை மூடிவைத்திருக்கிறது. பகல் குறுகிக் குளிர் தொடங்கியதும் மரம் பச்சையத்தைப் புதிதாக உண்டாக்குவதை நிறுத்திவிட, இருந்த பச்சை சிதைந்து மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி ஒளிந்திருந்த நிறமில்லை. இலையில் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு சில வகை மரங்கள் மட்டும் இந்த வாரங்களில் புதிதாக அதை உண்டாக்குகின்றன. அதற்கு வெயில் வேண்டும். மேப்பிள் மரத்தடியில் கிடக்கும் இலைகளைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்து நிழல் விழுந்திருந்த இடம் மட்டும் சிவக்காமல், அந்த நிழலின் வடிவத்திலேயே மஞ்சளாக நிற்பதைக் காணலாம். என் மகள் சிறுமியாக இருந்தபோது அப்படி ஓர் இலையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தாள். நிறம் மங்கிவிட்டாலும் இன்னும் இருக்கிறது.

இனி, எங்கே போவது என்ற கேள்வி. மோர்னிங்சைட் வீதியால் செல்லும் பேருந்தில் ஏறி மோர்னிங்சைட் பூங்காவில் இறங்குங்கள். அங்கே ஹைலண்ட் கிரீக் ஓடுகிறது. செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்ரோபர் வரை, ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக இந்த ஓடையில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். ஒரு முழத்துக்கும் மேற்பட்ட நீளமுள்ள மீன், முழங்கால் அளவுத் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய வளைந்து வளைந்து போவதை நகரத்துக்கு நடுவிலேயே பார்க்கலாம். இவை ஏரிக்கு உரிய மீன்கள் அல்ல. இங்கே முன்பிருந்த அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அற்றுப்போனது. பசிபிக் கரைக்குரிய இந்த இனத்தை 1960களின் இறுதியிலிருந்து ஏரியில் விட்டு வளர்த்து வருகிறார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போவது உத்தமம். போலரைஸ்டு (polarized) வகை வெயில் கண்ணாடி அணிந்தால் நீரின் பளபளப்பு குறைந்து மீன் தெளிவாகத் தெரியும். முட்டையிட்டபின் அவை இறந்துவிடுவதால் கரையில் நாற்றம் இருக்கும் என்பதை மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மழைக்குருவி:

முதல் பயணம் சரிப்படவில்லை என்பதற்காக வடக்கே போவதையே வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் பிழை, தெரிவு செய்த நாள்தான். அல்கோன்குயின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள்கள் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்தை ஒட்டியே உச்ச நிறத்தை அடைந்துவிடும். ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறைக்குள் பாதி கொட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு வார நாள் ஒன்றில், முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பதிவு செய்துகொண்டு போங்கள். ஒக்ரோபர் நடுவுக்குப் பிறகு கூட்டமும் குறைந்துவிடும். அப்போது ஈரநிலங்களில் டாமரக் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலை முழுவதையும் உதிர்த்துவிடும் இனம் அது. எனக்கு மேப்பிளைவிட அதுதான் பிடிக்கும். வீட்டில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

முற்றம்:

எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்துவிட்டீர்களா? இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அது தாங்காது. தொட்டியை உள்ளே கொண்டுவருவதையே எங்கள் வீட்டில் இலையுதிர்காலத்தின் தொடக்கமாகக் கொள்கிறோம். இலைகளின் அடிப்பக்கத்தைக் கழுவி, தெற்கு நோக்கிய யன்னலோரத்தில் வைத்துவிட்டால், பங்குனி வரை பிழைத்துக்கொள்ளும்.

இலை கூட்டுவதையும் ஒருமுறை செய்து பாருங்கள். சொந்த முற்றம் இல்லையென்றால் அயலில் உள்ள முதியவர் யாருக்காவது உதவலாம். சருகைக் குவித்து, மகனை ஓடிவந்து அதில் விழச் சொல்லி, மறுபடி குவித்து, பிறகு பழுப்புக் காகிதப் பைகளில் அமுக்கி வீதியோரம் வைக்க வேண்டும்; பிளாஸ்டிக் பையில் வைத்தால் மாநகரசபை எடுக்காது. ஊரில் வேம்பு மாசி, பங்குனியில் கொட்டும் சருகு காய்ந்து நொறுங்கும். இங்கே மழையில் ஊறிய மேப்பிள் சருகு தேயிலைச் சாயம்போல ஒரு வாசம் விடும். மாமியாருக்கு அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: இந்த மாதம் கடைகளில் மக்கின்டோஷ் ஆப்பிள் மலிவாகக் கிடைக்கும். 1811ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஒரு விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்த ஆப்பிள் கன்றுகளில் ஒன்றிலிருந்து பரவிய இனம் அது. அவருடைய பெயரே பழத்துக்கும் நிலைத்துவிட்டது. புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும், அடுப்பில் வைத்ததும் குழைந்துவிடும். மாங்காய்ப் பச்சடி செய்வது போலவே வெல்லமும் மிளகாயும் சேர்த்துச் செய்து பாருங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. புதன்கிழமை இரவு மழை பெய்ததால் வியாழன் காலையில் பையனுக்குப் பள்ளி விடுப்புச் சொல்லிவிட்டு ஓடைக்குப் போனோம். சிறு பாறைப்படி ஒன்றில் ஒரு மீன் நான்கு முறை துள்ளி விழுந்து, ஐந்தாவது முறை ஏறிவிட்டது. எண்ணிக்கொண்டிருந்தவர் என் மாமியார். சிறுமியாக இருந்தபோது வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டைகள் எதிரேறுவதை இப்படித்தான் கரையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். நாற்றத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டவன் பையன்தான். இலைக் குவியலுக்குக் கீழ்வீட்டுக்காரரிடம் சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

முற்றம் அவர்களுக்கு ஒரு கேள்வி. தொட்டியை நேற்றுதான் உள்ளே எடுத்தேன். கறிவேப்பிலைக் காம்புகளின் இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கிறது. வெறும் தண்ணீரில் போகவில்லை. என்ன செய்யலாம்?

முற்றம்:

அது மாவுப்பூச்சி. சில துளி சவர்க்காரம் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு காம்பாகத் துடையுங்கள்; ஒரு வாரம் கழித்து மறுபடியும் துடைக்க வேண்டும். அதுவரை மற்றச் செடிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.