வீட்டு லேண்ட்லைனை விட்டு இணையத் தொலைபேசிக்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக லேண்ட்லைன் இருக்கிறது. அதில் பேசுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. மாத வாடகை மட்டும் குறையவில்லை. இணைய இணைப்புக்கும் தனியாகப் பணம் கட்டுகிறோம். அந்த இணைப்பின் வழியாகவே வீட்டுத் தொலைபேசியையும் இயக்கிக்கொண்டால் இரண்டில் ஒரு செலவு பெருமளவு குறையுமே என்று எண்ணுகிறேன். ஆனால் அம்மா எழுபது வயதைக் கடந்தவர். கைப்பேசியின் தொடுதிரை அவருக்குக் கைவரவில்லை. கூடத்தில் இருக்கும் பொத்தான் தொலைபேசியில்தான் பேசுவார். உறவினர் அனைவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த எண்ணும் அதுவே. அதே கருவியையும் அதே எண்ணையும் வைத்துக்கொண்டு மாற முடியுமா? பேச்சு தெளிவாகக் கேட்குமா? முன்பே மாறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம். ரூட்டருக்கும் தொலைபேசிக்கும் நடுவில் அடாப்டர் என்னும் சிறு பெட்டி ஒன்றை வைக்க வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் ரூட்டரிலிருந்து வரும் கேபிளையும் மறுபக்கத்தில் தொலைபேசியின் கம்பியையும் செருகிவிட்டால், அம்மா ரிசீவரை எடுத்ததும் வழக்கம்போலவே டயல் டோன் கேட்கும். இதுவரை தொலைபேசி நிலையம் செய்துவந்த வேலையை அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளேயே செய்கிறது. சில ரூட்டர்களில் இந்த வசதி உள்ளேயே அமைந்திருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் ரூட்டரின் பின்புறத்தைப் பார்த்துவிடுங்கள். தொலைபேசியில் பல்ஸ், டோன் என்று மாற்றும் விசை இருந்தால் அது டோனில் இருக்கட்டும். பல்ஸ் முறையைப் பல அடாப்டர்கள் புரிந்துகொள்வதில்லை.

தெளிவைப் பற்றிக் கேட்டீர்கள். இணைய வேகம் அதிகமாக இருந்தால் குரலும் தெளிவாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையன்று. குரலை இணையத்தில் அனுப்பும் தரவாக மாற்றும் ஜி.711 என்னும் பரவலான முறையில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 64 கிலோபிட் குரல் தரவு போகிறது. அதனுடன் செல்லும் முகவரித் தகவல்களையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் ஆகும். இன்றைய இணைப்புகளுக்கு இது ஒரு சுமையே அல்ல. குரல் பெரும்பாலும் 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. அத்துண்டுகள் சீரான இடைவெளியில் போய்ச் சேர்கின்றனவா என்பதுதான் முக்கியம். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. வீட்டில் ஒருவர் பெரிய காணொளியைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தச் சீர் குலையும். ஆகவே பதிவேற்றம் நடக்கும் நேரத்தில் ஒரு சோதனை அழைப்பு பேசிப் பாருங்கள். குரல் வெட்டி வெட்டி வந்தால் ரூட்டரின் அமைப்புகளில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பதில்

எண்ணைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு இழப்பு நேர்ந்திருக்கிறது. புதிய சேவை நன்றாக இயங்கிய மகிழ்ச்சியில், எண் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன். இணைப்போடு எண்ணும் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவே இல்லை. என் தந்தை காலத்திலிருந்து எங்கள் வீட்டு அடையாளமாக இருந்த எண் அது.

எனவே வரிசை மாறக் கூடாது. உங்கள் பகுதியில் லேண்ட்லைன் எண்ணை இணையத் தொலைபேசிக்கு மாற்ற விதிகள் இடம் தருகின்றனவா என்பதைப் புதிய நிறுவனத்திடம் முதலில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். எல்லா இடங்களிலும் அந்த வசதி இல்லை. இருந்தால், பழைய கட்டணச் சீட்டில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் விண்ணப்பத்தில் இருக்கட்டும். எண் புதிய சேவைக்கு வந்து, வெளியிலிருந்து வரும் அழைப்பு அந்த எண்ணில் ஒலிப்பதைக் காதால் கேட்ட பிறகே பழைய கணக்கை முடியுங்கள். அதுவரை ஒன்றிரண்டு மாதம் இரட்டைக் கட்டணம் போனாலும் போகட்டும்.

உங்கள் இணையமும் அதே தொலைபேசிக் கம்பி வழியாக டி.எஸ்.எல். முறையில் வருகிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் லேண்ட்லைனை நிறுத்தும் நாளில் இணையமும் நின்றுவிடக்கூடும்.

மூன்றாம் பதில்

வீட்டில் முதியவர் இருப்பதால் மின்சாரத்தைப் பற்றி எழுதுகிறேன். செம்புக் கம்பி வழியாக இயங்கும் தொலைபேசிக்குத் தேவையான சுமார் 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்தின் மின்கலங்களிலிருந்தே வருகிறது; அதனால்தான் ஊரே இருண்டு கிடந்தாலும் அந்தத் தொலைபேசி ஒலிக்கிறது. இணையத் தொலைபேசியில் அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிறது. ரூட்டர், அடாப்டர், ஃபைபர் இணைப்பாக இருந்தால் அதன் பெட்டி ஆகிய மூன்றையும் யு.பி.எஸ். ஒன்றில் இணைக்க வேண்டும். ரூட்டரை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை மறப்பவர்களே அதிகம். இவை மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பவை. கணினிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே ஈடுகொடுக்கும் சிறிய யு.பி.எஸ். கூட இவற்றுக்கு நெடுநேரம் தாங்கும். உங்கள் லேண்ட்லைன் ஏற்கெனவே ஃபைபர் வழியாகத்தான் வருகிறது என்றால் மின்வெட்டிலும் ஒலிக்கும் வசதியை நீங்கள் முன்பே இழந்துவிட்டீர்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது.

அவசர அழைப்பு இன்னும் முக்கியமானது. லேண்ட்லைன் ஒரு வீட்டோடு கட்டுண்டது என்பதால் எண்ணை வைத்தே முகவரியைக் கண்டுபிடித்துவிடலாம். இணையத் தொலைபேசியோ அடாப்டரை எங்கே செருகினாலும் இயங்கும். ஆகவே சேவையில் சேரும்போதே வீட்டு முகவரியைப் பதிவு செய்யுங்கள். அவசர எண்ணுக்கு அச்சேவையிலிருந்து அழைப்பு போகுமா என்றும் கேளுங்கள். போகாது என்று சொன்னால், பெரிய பொத்தான்கள் கொண்ட எளிய கைப்பேசி ஒன்றை அம்மாவின் கட்டிலருகே வைக்காமல் லேண்ட்லைனை விடாதீர்கள். மிச்சமாகும் பணத்துக்காக இதில் சமரசம் கூடாது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் இணையம் தனி ஃபைபர் இணைப்பு. தொலைபேசி மட்டும் செம்புக் கம்பியில் வருகிறது. எண் மாற்றத்துக்கு வழி உண்டு என்று புதிய நிறுவனம் எழுதித் தந்திருக்கிறது. இன்னும் ஓர் ஐயம்: கூடத்திலும் அம்மாவின் அறையிலும் மாடியிலும் சுவரில் தொலைபேசி இணைப்புகள் உள்ளன. அடாப்டரை ஒரு சுவர் இணைப்பில் செருகினால் மற்ற இரண்டும் உயிர்பெறுமா?

முதலில் பதில் எழுதியவர்

பெறும்; ஆனால் அதற்கு முன் வெளியிலிருந்து வரும் கம்பியை வீட்டுக் கம்பியிலிருந்து முற்றிலும் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் செருகினால் நிலையத்திலிருந்து வரும் 48 வோல்ட்டும், மணி அடிக்கும்போது வரும் ஏறத்தாழ 90 வோல்ட்டும் அடாப்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். எனவே எண் மாறி முடியும்வரை ஒரு தொலைபேசியை அடாப்டரில் நேரடியாகச் செருகிச் சோதித்துக்கொண்டிருங்கள்; வீட்டுக் கம்பியைத் தொட வேண்டாம். பிறகு, கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்துப் பெட்டியில் அதைப் பிரித்து, மூன்று சுவர் இணைப்புகளும் ஓசையற்று இருப்பதை உறுதி செய்துகொண்டு அடாப்டரைச் செருகுங்கள். மூன்று தொலைபேசிகளுக்கும் மணி அடிக்கும் ஆற்றல் பெரும்பாலான அடாப்டர்களுக்கு உண்டு. ஒன்றில் மணி மெலிந்தால் தொலைபேசிகளின் எண்ணிக்கை அடாப்டரின் ஆற்றலுக்கு அதிகமாகிவிட்டது என்று பொருள்.

பேசும்போது ஒருவர் குரல் மட்டுமே கேட்கும் கோளாறு வந்தால், ரூட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ (SIP ALG) என்று இருக்கும் அமைப்பை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் அதுவே காரணமாக இருக்கிறது. வெளிநாட்டு அழைப்புகள் தேவையில்லை என்றால் அவற்றைப் பூட்டச் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லைத் திருடி உங்கள் கணக்கில் பேசுபவர்கள் அந்த வழியாகத்தான் பணத்தைக் கரைப்பார்கள்.

கம்பியைப் பிரித்த பெட்டியின்மேல், ‘மீண்டும் இணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒரு சீட்டையும் ஒட்டிவையுங்கள். பின்னொரு நாள் பழுதுபார்க்க வருபவர் அறுந்து கிடக்கிறது என்று எண்ணி நல்ல மனத்தோடு இணைத்துவிடக்கூடும்.