தீபாவளிச் சேலை: ஷாப்பியா, லிட்டில் இந்தியாவா?

தெலுக் கும்பார் மருமகள்:
அக்காமார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். காரை வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார், 401இ பஸ்ஸில் பினாங்கு ஜார்ஜ்டவுன் போய் வந்தால் பாதி நாள் ஓடிவிடும், அதனால் பேம்பர்ஸ், சோப்புத்தூள், பால்மாவு எல்லாம் ஷாப்பி ஆன்லைன் கடையில்தான். இந்த முறை சேலையையும் அதிலேயே எடுக்கலாமா? இந்தியாவிலிருந்து அனுப்பும் ஒரு கடையில் 120 வெள்ளி (ரிங்கிட்), ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அதே மாதிரிக்கு 160 சொல்கிறார்கள். மாமியார்தான் "தொட்டுப் பார்க்காமல் சேலையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

பட்டர்வொர்த் அக்கா:
120ஐ அப்படியே நம்பாதேம்மா. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குட்பட்ட சாமானுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி இருக்கிறது. வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்த விலையா என்று பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார். கடையில் 160 என்றால் 160தானா? காலையில் முதல் போணிக்குப் போய்க் கேள், இறங்கி வருவார்கள். முந்தியை விரித்து ஜரிகையின் பின்பக்கத்தையும் பார்க்கலாம், அங்கே நூல் தளர்வாகத் தொங்கினால் முதல் நாளே வளையலில் மாட்டி இழுக்கும், அதை எந்தப் படத்திலும் காட்டமாட்டார்கள். மாமியார் சொல்வது சரி.

பாயான் லெப்பாஸ்:
ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சேலையைப் பார்க்கும் முன் 'கிடைத்தது' பொத்தானை அழுத்தாதீர்கள், அழுத்தினால் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும். உள்ளூர் விற்பனையாளர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். வெளிநாட்டுக்காரனை எங்கே போய்ப் பிடிப்பது?

பத்து மாவோங்:
கடலோரத்தில் இருந்துகொண்டு மீனையே வாட்ஸ்அப்பில் வாங்குகிறவள் நான், சிரிக்காதீர்கள். படகு வந்ததும் அந்த அக்கா செவுளைத் தூக்கிப் படம் போடுவார், வேண்டியதைச் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். கெட்ட மீனைத் தந்தால் மறுநாள் என் முகத்தில்தானே விழிக்க வேண்டும், அந்தப் பயம் அவருக்கு உண்டு. உங்கள் 120 வெள்ளிக் கடைக்காரனுக்கு அது கிடையாது. லிட்டில் இந்தியாவிலும் சில கடைகள் வாட்ஸ்அப்பில் சேலைப் படம் அனுப்புகிறார்கள், நாலைந்தைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் லீவு நாளில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விலை பேசும் வேலையை மாமியாரிடமே விட்டுவிடுங்கள்.