உதவி தேவை: ஸ்கேன் செய்த கொடைக்கானல் வரைபடத் தாளில் ஜிபிஎஸ் புள்ளி தள்ளி விழுகிறது

சோலைநீர்:
வணக்கம். கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள சோலைகளில் எந்த ஓடை இன்னும் ஓடுகிறது, எது வற்றிவிட்டது என்று எங்கள் குழு பதிவு செய்து வருகிறது. பழைய ஓடைத் தடங்களும் ஒற்றையடிப் பாதைகளும் இந்திய நில அளவைத் துறையின் 58 எஃப்/8 தாளில் தெளிவாக இருக்கின்றன. 1:50,000 அளவு. அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துப் பொருத்தி, போனில் லோகஸ் மேப் என்ற வரைபடச் செயலியில் ஏற்றினேன்.

ஏரிக்கரைச் சாலையில் நின்றால், தாளில் நான் வடமேற்கே இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளித் தெரிகிறேன். பேரிஜம் ஏரிக்குப் போய்ப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே திசை. மூலை எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாயிற்று, அவற்றில் பிழை இல்லை. அடர்ந்த சோலைக்குள் இருநூறு மீட்டர் என்றால் வேறொரு ஓடையையே பதிவு செய்துவிடுவோம். எங்கே சிக்கல்?

கூக்கால்வாசி:
போனின் திசைகாட்டியைச் சரிசெய்து பாருங்கள். மரத்தடியில் சிக்னலும் தடுமாறும்.

சோலைநீர்:
செய்து பார்த்தேன். திறந்த வெளியிலும் அப்படித்தான். அதே போன் செயற்கைக்கோள் படத்தின் மேல் சரியாகவே காட்டுகிறது.

நிலவரை:
அப்படியென்றால் போன் மேல் குற்றமில்லை. போகும் இடமெல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அது டேட்டம் பிரச்சினை. அதாவது, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எதை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது. ஓரிடத்தில் சரியாகவும் இன்னோர் இடத்தில் தவறாகவும் இருந்தால்தான் பொருத்திய புள்ளிகளைச் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் தாளின் எண்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தையும் (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரி), மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட அளவையையும் அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகளாவிய டேட்டம். பூமியின் மையம் எங்கே, வடிவம் என்ன என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன. அதனால் ஒரே பாறைக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும். கொடைக்கானல் பக்கம் கணக்குப் போட்டால், ஜிபிஎஸ் எண் பழைய எண்ணைவிடச் சுமார் 180 மீட்டர் வடக்கே, 130 மீட்டர் மேற்கே இருக்கும். சேர்த்தால் 220 மீட்டர், வடமேற்கு. நீங்கள் பார்த்தது இதையேதான்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இருக்கிறதா? அதில் படத்தைப் பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் புள்ளிகளுக்கான ஆய முறையை டபிள்யூஜிஎஸ் 84 என்று விடாமல் கல்யாண்பூர் 1975 என்று வையுங்கள். ஆய முறைகளின் இபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 4146. மூலை எண்களை மாற்ற வேண்டாம், தாளில் அச்சிட்டபடியே கொடுங்கள். அப்புறம் ஆய முறையை மாற்றும் வார்ப் கருவியால், இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857-க்கு மாற்றுங்கள். எந்த உருமாற்றம் என்று கேட்டால் 295, 736, 257 என்ற மூன்று எண்கள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அவை பூமையத்தின் இடப்பெயர்ச்சி, மீட்டரில். கவனிக்காமல் விட்டால் சில சமயம் மென்பொருள் எதையும் நகர்த்தாமலே கடந்துவிடும், பழைய பிழை அப்படியே நிற்கும்.

கூக்கால்வாசி:
இவ்வளவு எதற்கு? படத்தைக் கையால் 220 மீட்டர் தென்கிழக்கே தள்ளி வைக்க வேண்டும், அல்லது வடமேற்கே. ஏதோ ஒரு பக்கம். வேலை முடிந்தது.

பழைய மாலுமி:
அந்த "ஏதோ ஒரு பக்கம்" என்பதில்தான் ஆபத்து, தம்பி. நான் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வில்பட்டியில் இருக்கிறேன். கடல் வரைபடங்களில் இதே சிக்கலோடு பல காலம் வாழ்ந்தவன். பழைய தாள்களின் ஓரத்தில், செயற்கைக்கோள் வழி கிடைத்த இருப்பிடத்தை இத்தனை நிமிடம் வடக்கே அல்லது தெற்கே, இத்தனை நிமிடம் கிழக்கே அல்லது மேற்கே நகர்த்திய பிறகே குறிக்கவும் என்று ஒரு குறிப்பு இருக்கும். திசையை மாற்றிப் போட்டால் பிழை தீராது, இரட்டிப்பாகும். கரையோரத்தில் அது கப்பலைப் பாறையில் ஏற்றிவிடும்.

கணினிக்கு வந்த கேஏபி வகைக் கடல் வரைபடங்களிலும் இதை விடவில்லை. கோப்பின் தலைப்பகுதியில் ஆர்இஎஃப் என்று தொடங்கும் வரிகள் பொருத்தும் புள்ளிகளைச் சொல்லும். டிடிஎம் வரி டேட்டம் நகர்வை விநாடிகளில் சொல்லும். படத்தைப் பொருத்துவது ஒரு வேலை, டேட்டத்தைச் சொல்வது தனி வேலை. கையால் தள்ளினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு பக்கத்துத் தாளை ஒட்டும்போது எதைத் தள்ளினோம், எவ்வளவு தள்ளினோம் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. செயற்கைக்கோளுக்கு முந்தைய கடல் அளவைகளில், டேட்டத்தைத் திருத்திய பிறகும் சில பாறைகள் இடம் மாறியே இருக்கும். அன்று அளந்ததே அவ்வளவுதான். அதனால் திருத்திய பின் தரையில் சோதியுங்கள். ஏரிக்கரையை வைத்துச் சோதிக்க வேண்டாம், நீர்மட்டத்தோடு கரை நகரும். சூரிய ஆய்வுக்கூடம் 1899-இலிருந்து அதே குன்றில் நிற்கிறது. பழைய சாலைச் சந்திப்புகளும் நல்லவை.

சோலைநீர்:
நிலவரை அண்ணா, மாலுமி சார், மிக்க நன்றி. 4146 வைத்து மறுபடி செய்தேன். ஆய்வுக்கூடச் சாலையிலும் வட்டக்கானல் பாதையிலும் இப்போது 15 மீட்டருக்குள் பொருந்துகிறது! ஆனால் பேரிஜம் பக்கம் 50 மீட்டர் போல விலகுகிறது. உருமாற்ற எண்களில் ஏதும் கோளாறா?

நிலவரை:
இல்லை. அந்த எண்களிலேயே 10 முதல் 15 மீட்டர் வரை நிச்சயமின்மை உண்டு, ஆகவே நகரப் பக்கம் கிடைத்தது நல்ல முடிவு. 50 மீட்டர் என்பது தாளில் ஒரு மில்லிமீட்டர். தாள் மடித்து வைத்ததா? மடிப்பு பேரிஜம் அருகே போகிறதா?

சோலைநீர்:
ஆமாம், நடுவில் இரண்டு மடிப்பு. ஒன்று பேரிஜத்தை ஒட்டியே போகிறது.

நிலவரை:
அதுதான். கொடைக்கானல் நகரம் உங்கள் தாளின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மூலையில் புள்ளி வைத்ததால் அங்கே பொருந்தும், உள்ளே காகிதம் சுருங்கியது மென்பொருளுக்குத் தெரியாது. தாளில் ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் கோடு உண்டு. 15 நிமிடத் தாள் என்பதால் விளிம்பையும் சேர்த்து 16 சந்திப்புகள் கிடைக்கும். பதினாறையும் குறியுங்கள். முதலில் பொருத்தும் முறையாக இரண்டாம் படி பல்லுறுப்பை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்லும் எச்சப் பட்டியலைப் பாருங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளினால் அதைத் தவறாகக் குறித்திருக்கலாம். மடிப்பை ஒட்டிய புள்ளிகள் எல்லாமே துள்ளினால் எல்லாப் புள்ளிகளிலும் படத்தை வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் முறைக்கு மாறுங்கள். ஆனால் அது எச்சத்தை எப்போதும் பூஜ்யம் என்றே காட்டும், தவறான புள்ளியையும் மறைத்துவிடும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முடிந்தால் நில அளவைத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்து, இதே பகுதியின் ஓப்பன் சீரீஸ் தாளையும் இறக்குங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த அந்த வரிசை டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் விலகல் கண்ணுக்கே தெரியும்.

சோலைநீர்:
ஸ்ப்லைன் வைத்த பிறகு பேரிஜம் சாலை வளைவுகள் 20 மீட்டருக்குள் வந்துவிட்டன. ஓடைப் பதிவுக்கு இது போதும். கடைசியாக ஒன்று: போனில் ஏற்ற எம்பிடைல்ஸ் (படத்தைச் சிறு கட்டங்களாக வைக்கும்) கோப்பாக மாற்றும்போது ஜூம் எவ்வளவு வைக்கலாம்?

நிலவரை:
300 டிபிஐயில் ஒரு படப்புள்ளி நிலத்தில் சுமார் 4.2 மீட்டர். ஜூம் 15-இல் நம் அட்சரேகையில் ஒரு படப்புள்ளி 4.7 மீட்டர், 16-இல் 2.35. எனவே 12 முதல் 16 வரை வையுங்கள். 17 போட்டால் கோப்புதான் பெருக்கும், தாளில் இல்லாத ஓடை எதுவும் புதிதாகத் தெரியாது.