வெளிறாத் தடம்: புண் ஆவதற்கு முன் ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

செவிலியர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். கேள்வித்தாள் ஆங்கிலம்தான். ஆனால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்தவர்கள். ஒரு விஷயம் தமிழில் ஒருமுறை உறைத்துவிட்டால், கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள். அதற்காகவே குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். இந்த வாரம் படுக்கைப்புண் பாடத்தில் சரியான சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன்.

‘படுக்கைப்புண்’ என்ற சொல்லில் படுக்கையும் இடிக்கிறது, புண்ணும் இடிக்கிறது. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் இது வரும். ஆக்சிஜன் முகமூடி அழுத்திய மூக்குத்தண்டில், குழாய் உரசிய காதுக்குப் பின்னால்கூட வரும். நான்கு நிலைகளில் முதல் நிலையில் தோல் கிழிந்தே இருக்காது. புண்ணே இல்லாததைப் புண் என்று எப்படி எழுத? ஆங்கிலத்திலும் இந்தச் சங்கடம் இருந்தது. இதற்கான அமெரிக்கத் தேசிய ஆலோசனைக் குழு 2016இல் ‘ப்ரெஷர் அல்சர்’ (அழுத்தப்புண்) என்பதைக் கைவிட்டு ‘ப்ரெஷர் இஞ்சுரி’ (அழுத்தக்காயம்) என்றது. 2019இல் தன் பெயரிலிருந்தும் அல்சரை எடுத்துவிட்டது. ஐரோப்பியக் குழு இன்னும் அல்சரை விடவில்லை. ஆகவே பிள்ளைகள் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான் ‘அழுத்தக்காயம்’ என்று போட்டிருக்கிறேன். காயம் என்றாலும் ரத்தம்தானே என்று கேட்பீர்கள். தோல் கிழியாமல் உள்ளே கன்றிப்போனதை ஊமைக்காயம் என்கிறோமே! ஊமைப்புண் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. புண் என்றால் வாய் திறந்திருக்க வேண்டும்.

இதுவரை சரி. சிக்கல் முதல் நிலையின் அடையாளத்தில் இருக்கிறது. புத்தகம் ‘நான்-பிளாஞ்சபிள் எரிதீமா’ என்கிறது. எலும்பு புடைத்த இடத்தில் தோல் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளிறாது. சாதாரணச் சிவப்பு என்றால், அழுத்தும்போது நுண்குழாய்களில் உள்ள ரத்தம் விலகி அந்த இடம் வெளிறும், விரலை எடுத்ததும் நிறம் திரும்பும். வெளிறவில்லையா, உள்ளே கேடு தொடங்கிவிட்டது. ‘வெளிறாச் சிவப்பு’ என்று எழுதினேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அடித்துவிட்டேன்.

ஏன் என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வார்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த பெரியவர். நல்ல கறுப்பு. துடைத்துவிடும்போது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு மற்ற இடத்தைவிடக் கூடுதலாகக் கறுத்திருந்தது. “வேர்வை படிஞ்சிருக்கும்மா” என்றார் மகள். டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. சிவப்பைத் தேடினேன், இல்லை. ஏட்டில் ‘தோல் இயல்பு’ என்று எழுதிவிட்டு, அந்நாளைய வழக்கப்படி ஸ்பிரிட் தடவி, அழுத்தித் தேய்த்து, பவுடரும் போட்டேன். மூன்றாம் நாள் அந்த இடம் உரிந்துவிட்டது. செய்தது இரண்டு தவறு. ஒன்று, தேய்த்தது: நிறம் மாறிய இடத்தைத் தேய்க்கவே கூடாது என்பது இன்று தேர்வில் கேட்கும் கேள்வி. மற்றது, சிவப்பைத் தேடியது.

நம் தோலில் முதல் நிலை சிவப்பாகத் தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ நீலம் பாரித்தோ இருக்கும். தொட்டால் பக்கத்து இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். வலிக்கும். தமிழில் படிக்கும் பிள்ளை தமிழ்த் தோலைத்தான் பார்க்கப்போகிறது. அதன் கையில் சிவப்பு என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் நான் செய்ததையே அதுவும் செய்யும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் நிலைக்கு ‘வெளிறாத் தடம்’. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

— செவிலியர் பயிற்றுநர்

மறுமொழி 1

அன்புள்ள சகோதரிக்கு,

சந்தி சரி. ஓடாக் குதிரை மாதிரி ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். எழுத்தில் மட்டும் கவனம்: வெளிர்நீலம் எழுதிப் பழகிய பிள்ளைகள் ‘வெளிராத்’ என்று எழுதுவார்கள். முகம் வெளிறியது என்னும்போது வல்லின றகரம்.

> ‘அழுத்தக்காயம்’ என்று போட்டிருக்கிறேன்

இதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. படுக்கைப்புண் என்பது மக்கள் உண்டாக்கிய சொல். என் தாயார் எட்டு மாதம் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா “படுக்கைப்புண் வந்துடும், ரெண்டு மணிக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வையுங்க” என்றார். அந்தப் பயம்தான் எங்களை ராத்திரியில் எழுப்பியது. “அழுத்தக்காயம் வரும்” என்றிருந்தால் தலையாட்டிவிட்டுத் தூங்கியிருப்போம். இன்னொன்று: தடம் என்றால் காலடித் தடம், சக்கரத் தடம். கறை, திட்டு என்றெல்லாம் இருக்கிறதே, பார்த்தீர்களா?

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மறுமொழி 2

அக்கா, வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தாதி. வார்ட்டில் நாங்களும் ‘பெட்சோர்’ என்றுதான் கதைக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

ஐயா சொன்ன ‘திட்டு’ வேண்டாம். திட்டு என்றால் தேமல் மாதிரித் தோல் வியாதி என்று நினைத்துப்போடுவினம். ‘கறை’ என்றால் துடைக்கப் பார்ப்பார்கள், அக்காவின் கதையில் மகள் நினைத்த மாதிரி. தடம் நல்லது, ஏதோ ஒன்று அழுத்திப் போயிருக்கிறது என்று அந்தச் சொல்லே சொல்லுது.

ஒரு சந்தேகம். மிகவும் கறுத்த தோலில் விரலால் அழுத்தினாலும் வெளிறுவது கண்ணுக்குத் தெரியாது. அங்கே வெளிறாத் தடம் என்ற பெயரும் பொருந்தாதே? நான் புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு சூட்டை ஒப்பிட்டுத்தான் பிடிப்பேன்.

மறுமொழி 3

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

ஐயா, உங்கள் வீட்டு அனுபவத்துக்கு முன்னால் நான் வாதாட முடியாது. வீட்டாரிடம் பேசும்போது படுக்கைப்புண், ஏட்டிலும் குறிப்பிலும் அழுத்தக்காயம் என்று பிரித்துவிடுகிறேன். கொழுப்புத் தெரியும் மூன்றாம் நிலையும் எலும்போ தசையோ தெரியும் நான்காம் நிலையும் எப்படிப் பார்த்தாலும் புண்தான்.

தங்கை கேட்டது நியாயம். பெயரை மாற்றாமல் விளக்கத்தை மாற்றியிருக்கிறேன்: “வெளிறாத் தடம்: எலும்பு புடைத்த இடத்தில், தோல் கிழியாமல், சுற்றுத் தோலிலிருந்து நிறத்திலோ சூட்டிலோ கெட்டித்தன்மையிலோ மாறுபட்டு, அழுத்தியும் மாறாத இடம். கறுத்த தோலில் கண்ணை நம்பாமல் கையால் பார்க்கவும்.” ஊதா, கருஞ்சிவப்பு நிறத்தில் வந்தால் அது ஆழ்திசுக் காயம், தோல் கிழியவில்லை என்பதற்காக முதல் நிலையில் சேர்க்கக் கூடாது.

இதே பாடத்தில் பிரேடன் அளவுகோல் வருகிறது, அழுத்தக்காயம் வரும் ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறை. ஆறு தலைப்பு, மொத்தம் 23 மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும் என்பதைப் பிள்ளைகள் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் ‘ஆக்டிவிட்டி’, ‘மொபிலிட்டி’ இரண்டுக்குமே அசைவு என்று எழுதிக் குழப்பியிருந்தேன். முதலாவது எழுந்து நடக்கிறாரா, நாற்காலியோடு சரியா என்பது, அதற்கு நடமாட்டம். இரண்டாவது, படுத்த இடத்தில் தானாகப் புரள முடிகிறதா என்பது. அதற்குப் புரளுதிறன் என்று வைத்திருக்கிறேன்.

மீதம் இருப்பது ‘ஷியர்’. தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்த கட்டிலில் நோயாளி மெல்லக் கீழே சரிவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நழுவும், நடுவில் ரத்தக்குழாய் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் வேறு தடை இல்லாதவரை தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதே என்கிறோம். இயற்பியல் பாடத்தில் ‘சறுக்குப் பெயர்ச்சி’ என்று படித்திருப்பார்கள். அதை வார்டில் உச்சரிக்க முடியாது. ‘உள்சரிவு’ என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.