ஹெட்லைட் மேல்பூச்சு உரிகிறது, பேஸ்ட் போட்டும் நிற்கவில்லை. காப்பாற்ற முடியுமா?

உப்பளத்தான் (தூத்துக்குடி):

வணக்கம். 2013 மாடல் சின்ன கார். வாங்கிய நாளிலிருந்து தெருவில்தான் நிற்கிறது. முகம் மேற்கே பார்த்து நிறுத்துவதால் மத்தியானம் தொடங்கி சாயங்காலம் வரை வெயில் நேராக ஹெட்லைட்டில் அடிக்கும். இரண்டு மூன்று வருடமாகவே மஞ்சள் பூத்துக்கொண்டு வந்தது. போன சித்திரையில் மேல் ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. வெயிலில் அலைந்தவன் முதுகில் தோல் உரியுமே, அதே மாதிரி. நகத்தால் நெம்பினால் வெள்ளையாகச் செதில் வருகிறது. உரிந்த இடம் சொரசொரப்பு, உரியாத இடம் வழவழப்பு, ஆனால் மஞ்சள்.

பல் விளக்கும் பேஸ்ட்டைப் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது, மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. வாட்டர் வாஷ் கடையில் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டுக் கொடுத்தார்கள், அது இரண்டு மாதம் நின்றது. ராத்திரி திருநெல்வேலி போய்வரும்போது எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் ரோட்டோர வெள்ளைக் கோடே தெரிவதில்லை. புதிதாக வாங்குவதுதான் வழியா, இதையே சரிசெய்யலாமா?

ரெண்டாம்கியர்:

தேய்ப்பு வேலையெல்லாம் எதற்கு அண்ணாச்சி? 100/90 வாட் பல்ப் மாட்டுங்கள், ரோடு பகல் மாதிரி தெரியும். என் வண்டியில் அதுதான்.

பட்டறைக்காரன்:

அதைச் செய்யாதீர்கள். குறை பல்ப்பில் இல்லை. லென்ஸ் மங்கலாக இருப்பதால் வெளிச்சம் முன்னே போகாமல் நாலா பக்கமும் சிதறுகிறது. பல்ப்பைப் பெரிதாக்கினால் சிதறலும் பெரிதாகும், எதிரே வருகிறவர் கண்தான் கூசும். ஹெச்4 பல்ப் (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்ப்பில் வருவது) என்றால் 60/55 வாட்டுக்குத்தான் ஹோல்டரும் வயரும் கொடுத்திருப்பார்கள். 100 வாட் போட்டு ஹோல்டர் கருகி வந்த வண்டிகளை எண்ணி மாளாது. எல்இடி மாட்டினாலும் சிதறல் கதை இதேதான்.

அண்ணாச்சி, சில விஷயங்கள் பார்த்துச் சொல்லுங்கள். லென்ஸ் மேல் தண்ணீர் ஊற்றி, ஈரமாக இருக்கும்போதே உற்றுப் பாருங்கள். ஈரத்தில் தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் கோளாறு மேற்பரப்பில்தான், தேய்த்தால் போகும். ஈரத்திலும் சிலந்தி வலை போலக் கோடு தெரிந்தால் விரிசல் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது. உள்பக்கம் நீர் கோக்கிறதா? பேஸ்ட், காம்பவுண்ட் தவிர வேறு ஏதாவது தடவினீர்களா?

உப்பளத்தான்:

உள்ளே நீர் இல்லை. வலது பக்கம் தண்ணீர் ஊற்றியதும் உரிந்த இடமெல்லாம் புது லென்ஸ் மாதிரி தெளிந்தது, எனக்கே ஆச்சரியம். மஞ்சள் திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இடது பக்கம்... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கேட்டுக்குப் பெயிண்ட் அடித்து மிச்சமிருந்த தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். சற்று நேரத்தில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தது. இப்போது தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே முடி முடியாகக் கோடு தெரிகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பட்டறைக்காரன்:

வலதைக் காப்பாற்றலாம். இடதை மறந்துவிடுங்கள். அந்த முடிக்கோடு தின்னர் வெடிக்க வைத்தது. எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இன்னொரு கோடு இருக்கும்.

இந்த லென்ஸ் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். சின்னக் கல் பட்டால் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும், அழுக்குத் துணி பட்டாலே கீறும். அதனால்தான் தயாரிக்கும்போதே மேலே கெட்டியான பூச்சு ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். உங்களுக்கு உரிவது அதுதான். பேஸ்ட்டும் காம்பவுண்டும் அம்மணமான பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்கித் திரும்பவும் வெயிலில் நிறுத்தின, அவ்வளவுதான். பளபளப்பு வருவது பெரிய விஷயமே இல்லை. போன பூச்சுக்குப் பதில் பூச்சு வைத்தால்தான் நிற்கும்.

பழைய பூச்சை முழுக்க எடுக்க வேண்டும், பாதி எடுத்துவிட்டு நிறுத்தக்கூடாது. வண்டியிலேயே தேய்ப்பதாக இருந்தால் பம்பர், பேனட் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டுங்கள். 400 நம்பர் உப்புத்தாள் ஒரு இழுப்பில் பெயிண்டைத் தின்றுவிடும். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஒரு ரப்பர் துண்டில் சுற்றி, பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு ஷாம்பு விட்டு 400இல் தொடங்குங்கள். வடிகிற தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் பழுப்பு மஞ்சளாக வரும். பூச்சு போகப் போக, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக மாறும். அப்புறம் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். லென்ஸ் முழுக்க ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும். எங்காவது பளபளப்பான திட்டு, மேப் வரைந்த மாதிரி விளிம்பு தெரிந்தால் அங்கே பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இண்டிகேட்டர் பக்கத்து மூலையில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். இந்த 400தான் பாதி வேலைக்கு மேல், அவசரப்படாதீர்கள்.

அடுத்து 600, 800. நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும். 400ஐக் கிடைமட்டமாகத் தேய்த்தால் 600ஐ மேலும் கீழுமாக. முந்தைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும்.

800க்கு மேல் என்ன என்பது நீங்கள் எதைப் பூசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2கே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடிப்பதாக இருந்தால் 800 அல்லது 1000த்தோடு நிறுத்துங்கள். கிளியர் அந்தக் கீறலுக்குள் இறங்கிப் பிடிக்கும், அடித்ததும் கண்ணாடி ஆகிவிடும். ஆசைப்பட்டுக் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கினால் கிளியருக்குப் பிடிமானம் இருக்காது, மறுபடி உரியும். ஒட்டுகிற ஃபிலிம் அல்லது செராமிக் கோட்டிங் என்றால் 1500, 2000, 3000 வரை போய்க் காம்பவுண்டும் போட வேண்டும்.

2கே கிளியரை வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. லைட்டைக் கழற்றி நீங்களே தேய்த்து, பெயிண்டிங் பட்டறையில் வேறு வண்டிக்குக் கிளியர் கலக்கிற நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு லைட்டுக்கு ஆகிற கிளியர் கொஞ்சம்தான். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியரா என்று கேளுங்கள். அடிக்கும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில்தான் துடைக்க வேண்டும், பட்டறைப் பையன் பழக்கதோஷத்தில் தின்னர் துணியை எடுப்பான், பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் கோட் பனி மாதிரி லேசாக விழட்டும். எடுத்ததும் ஈரமாக அடித்தால் கிளியரில் இருக்கிற தின்னரே லென்ஸைக் கடித்துவிடும்.

ரெண்டாம்கியர்:

பல்ப்பை விடுங்கள். ஒரு கப்பில் மருந்து ஊற்றிச் சூடாக்கி ஆவி காட்டுகிறார்களே? நிமிடத்தில் தெளிகிறது.

பட்டறைக்காரன்:

சளிக்கு ஆவி பிடிப்பது மாதிரி அழகாகத்தான் இருக்கும். அது பெரும்பாலும் குளோரோஃபார்ம் வகை. பிளாஸ்டிக்கின் மேல்தோலை உருக்கி வழவழப்பாக்குகிறது. அந்த ஆவியை நாமும் சுவாசிக்கிறோம். லென்ஸ் பின்னால் வெடிக்கலாம், வெயிலுக்குத் தனியாகப் பூச்சும் கிடையாது. நான் செய்வதில்லை.

கோவைக்காரி:

கிளியர் அடிக்க ஆள் கிடைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் 3000 வரை தேய்த்துக் காம்பவுண்ட் போட்டு, பிபிஎஃப் ஃபிலிம் (வண்டிப் பெயிண்டைக் காக்க ஒட்டுகிற தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒட்டினேன். இரண்டு வருடம் ஆகிறது, மஞ்சள் இல்லை. பிரஷர் வாஷில் ஒரு தடவை ஓரம் தூக்கிக்கொண்டது, வெட்டிவிட்டேன். ஃபிலிம் கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், திரும்பத் தேய்க்க வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உப்பளத்தான்:

வேலை முடிந்தது. இடது பக்கத்துக்குப் பழைய சாமான் கடையில் ஒரு லைட் கிடைத்தது. பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டையும் மாடியில் உட்கார்ந்து தேய்த்தேன். 400 மட்டும் ஒரு லைட்டுக்கு முக்கால் மணி நேரம். மஞ்சள் தண்ணீர் வெள்ளையாக மாறிய இடம் நன்றாகத் தெரிந்தது. தின்னர் துணி விஷயமும் நீங்கள் சொன்னபடியே நடந்தது, கையைப் பிடித்து நிறுத்தினேன்.

குறை இரண்டு. வலது பக்கம் இண்டிகேட்டர் மூலையில் பழைய பூச்சின் விளிம்பு விரற்கடை நீளத்துக்குக் கிளியருக்கு அடியில் தெரிகிறது. கோட்டை விட்டுவிட்டேன். இடது பக்கம் கிளியரில் ஒரு கொசு மாட்டிக்கொண்டது. இப்போது வேறு சந்தேகம்: இடது லைட் வெளிச்சம் மேலே போகிறது. எதிரே வருகிறவர்கள் டிம் அடிக்கச் சொல்லி லைட்டைக் காட்டுகிறார்கள்.

பட்டறைக்காரன்:

கொசு இருக்கட்டும். அந்த விளிம்பு இருக்கிற இடத்தில்தான் நாளைக்கு முதலில் உரியும். பரவத் தொடங்கினால் மறுபடி எல்லாம் எடுத்துத்தான் அடிக்க வேண்டும்.

வெளிச்சம் மேலே போவதற்குக் காரணம், வாங்கிய லைட்டின் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ வேறு வண்டிக்குத் திருப்பி வைத்தது. வலது லைட் பழையபடி சரியாக இருக்கிறது என்றால் அதையே அளவாக வையுங்கள். சமதரையில் சுவரைப் பார்த்து, பத்தடி தள்ளி நிறுத்துங்கள். லோ பீம் போட்டு, இடதுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். லைட் மேல் துணி போட்டு மூடாதீர்கள், சூடாகும். வலது வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் எந்த உயரமோ அங்கே டேப் ஒட்டுங்கள். அப்புறம் வலதை மறைத்து, இடதை அந்த டேப் உயரத்துக்கு ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குங்கள். கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள், பழைய பிளாஸ்டிக் பல் உடைந்துவிடும்.

உப்பளத்தான்:

இறக்கிவிட்டேன், முழுசாக இரண்டு சுற்று ஆனது. நேற்று திருநெல்வேலி போய்வந்தேன். வெள்ளைக் கோடு தெரிந்தது, யாரும் லைட் காட்டவில்லை. வீட்டில், “தேய்த்தே இப்படி வந்துவிட்டதா?” என்றார்கள். வலதைக் காட்டி ஆமாம் என்றேன். இடதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.