உதவி தேவை: பல வருடம் காய்ந்து கிடந்த லைவ் ராக், புது மெரைன் டேங்குக்கு ஆகுமா?

காட்பாடி_நிமோ:

வணக்கம். முதல் முறையாக உப்புத்தண்ணீர்த் தொட்டி (மெரைன் டேங்க்) வைக்கிறேன், அதில் லைவ் ராக், அதாவது நல்ல பாக்டீரியாவும் சிறு உயிர்களும் குடியிருக்கும் சுண்ணாம்புக் கல், போட வேண்டும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கிட்டத்தட்ட 190 லிட்டர். ஆற்காட்டில் இருக்கும் மாமா முன்பு மெரைன் டேங்க் வைத்திருந்தார், அதைக் கலைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த ராக் எல்லாம் கோணிப்பையில் கட்டி மொட்டை மாடி ஷெட்டில் கிடந்தது, எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். சுமார் 20 கிலோ இருக்கும். வெளியே வெள்ளையும் பழுப்புமாக இருக்கிறது, ஓட்டைகளில் ஏதோ தோல் மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கிறது, ஒரு கல்லை நனைத்துப் பார்த்தால் நாற்றம் வருகிறது. மீன் கடைக்காரர் அப்படியே போடுங்கள், உள்ளே பாக்டீரியா தூங்குகிறது, தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும் என்கிறார். இன்னொரு நண்பர் பெரிய அண்டாவில் போட்டு வேகவைத்துவிடு, எல்லாம் செத்துவிடும் என்கிறார். எது சரி? ஒரு ஜோடி நிமோ (கோமாளி மீன்), பின்னாடி அது தங்க ஒரு அனிமோனி (கடல் சாமந்தி), இதுதான் ஆசை. ராக் போதவில்லை என்றால் ராமேஸ்வரம் பக்கம் போகும்போது கரையில் கிடப்பதை எடுத்து வரலாமா என்றும் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_ரீஃப்:

தம்பி, முதல் வேலையாக அந்த அண்டாவை எடுத்து உள்ளே வை. லைவ் ராக்கை ஒருபோதும் வேகவைக்கக் கூடாது. ஜோவாந்தஸ், பாலிதோவா என்று பட்டன் மாதிரி வளரும் உயிரினங்கள் அதில் ஒட்டியிருக்கும், அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கடுமையான விஷம் உண்டு. கல்லைக் கொதிக்கவைத்தால் அது ஆவியோடு காற்றில் கலக்கும். வெளிநாடுகளில் இப்படி வேகவைத்து, வீட்டில் இருந்த எல்லாரும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. காய்ந்துவிட்டதால் விஷம் போயிருக்கும் என்று நம்பக் கூடாது, சூட்டுக்கும் அது சுலபமாக அழியாது. நீ பார்த்த அந்தத் தோல் எதுவென்று நமக்குத் தெரியாது. அதனால் பிரஷ் போடும்போதும் கல் நனைந்த நிலையில்தான் தேய்க்க வேண்டும், கையுறை, மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி மூன்றும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கடைக்காரர் சொன்னதும் தவறு. பல வருடம் காய்ந்து கிடந்த கல்லில் நமக்கு வேண்டிய, மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா மிச்சமிருக்கும் என்று எண்ணி மீனை விட முடியாது. மிச்சமிருப்பது செத்த ஸ்பாஞ்ச், புழு, பாசி. கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் மீனுக்கு உயிர் வராது, ஊறி நாறத்தான் செய்யும். அந்த நாற்றம் அப்படியே அம்மோனியாவாக உன் தொட்டிக்குள் இறங்கும், கூடவே பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டும் வரும்.

ஆனால் கல்லைத் தூக்கிப் போடாதே. காய்ந்ததில் ஒரு பெரிய நன்மை உண்டு, அய்ப்டேசியா, பிரிசில் வார்ம், மான்டிஸ் இறால் மாதிரித் தொல்லைகள் எல்லாம் ஒழிந்திருக்கும். புது லைவ் ராக் வாங்குகிறவனுக்கு அந்த நிம்மதி கிடையாது.

ராணிப்பேட்டை_உப்பு:

ப்ரோ, கழுவுகிற வேலையை ஆரம்பிக்கும் முன்னால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள். அந்தத் தொட்டியில் எப்போதாவது காப்பர் மருந்து ஊற்றினாரா? வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஊற்றுவார்கள், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். சுண்ணாம்புக் கல் காப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீரின் பிஎச் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். மீன் தாங்கிக்கொள்ளலாம், அனிமோனி, இறால், நத்தை எதுவும் தாங்காது.

இன்னொரு விஷயம், ஊறவைக்க டிரம் தேடுவீர்கள். எங்கள் ஊர் சிப்காட் பக்கத்தில் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும், தயவுசெய்து அதை வாங்காதீர்கள். உள்ளே எந்தக் கெமிக்கல் இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது, பிளாஸ்டிக் அதை உறிஞ்சி வைத்திருக்கும். புதுசாக, சாப்பாட்டுப் பொருள் வைக்கிற தரத்தில் வாங்குங்கள்.

காட்பாடி_நிமோ:

மாமாவிடம் கேட்டேன் அண்ணா. ஒரு முறை வெள்ளைப்புள்ளி வந்ததாம், கடையில் கொடுத்த நீல மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றினாராம், பேர் ஞாபகம் இல்லை. இப்போது என்ன செய்வது, எல்லாம் வீணா?

சத்துவாச்சாரி_ரீஃப்:

வீண் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம், நீல மருந்து எல்லாமே காப்பர் இல்லை, மெத்திலீன் ப்ளூவும் நீலம்தான். சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எப்படியும் கல்லை ஊறவைக்கத்தான் போகிறோம், அந்தத் தண்ணீரிலேயே காப்பர் டெஸ்ட் போட்டுவிடலாம். சிகிச்சைக்குப் போடும் அளவே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில்தான், அனிமோனிக்கு அதைவிட ரொம்பக் குறைவே ஆபத்து. அதனால் கிட்டில் லேசாக நிறம் மாறினாலும் அந்தக் கற்கள் மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்குத்தான், அனிமோனி ஆசையை வேறு கல்லோடு வைத்துக்கொள்.

ஊறவைக்கும் முறையைச் சொல்கிறேன். ஷெட்டில் கிடந்த கல் என்பதால் முதலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார், ஆணி, துரு, பெயின்ட், எண்ணெய்க் கறை, கரையான் மருந்து வாசனை ஏதாவது இருந்தால் அந்தத் துண்டு வேண்டவே வேண்டாம். மீதியை நனைத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டைகளைக் குத்தி, பிரஷால் தேய்த்து, வேகமான தண்ணீரில் அலசு. அப்புறம் பிளீச். வாசனை சேர்க்காத திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் ஊறட்டும். பஞ்சாயத்தில் தெருவுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைத் தவிர்க்கலாம், அடியில் மாவு மாதிரி தங்கி ஓட்டைகளை அடைக்கும். பிறகு நன்றாக அலசி, வெயிலில் காயப்போடு. இந்த விஷயத்தில் நம் வேலூர் வெயிலை அடிக்க ஆள் கிடையாது, குளோரின் வாசனை முற்றிலும் போகும்வரை கிடக்கட்டும். அடுத்த ஊறலில் தயோசல்பேட் கொஞ்சம் போட்டால் மிச்சமும் போய்விடும்.

பிளீச் அழுகும் பொருளைத்தான் எரிக்கும், கல்லோடு ஒட்டிய பாஸ்பேட்டை எடுக்காது. அதற்குச் சிலர் ஆசிட்டில் போட்டு மேல்தோலைக் கரைப்பார்கள். வேகமான வழிதான், ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் அதை நான் சொல்ல மாட்டேன், அதுவும் பிளீச் மிச்சமிருக்கும் கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். உனக்கு அவசரம் இல்லை, ஊறவைத்தே எடுக்கலாம். டிரம்மில் ஆர்.ஓ. தண்ணீர், தண்ணீரைச் சுழற்ற ஒரு பவர் ஹெட் (சின்ன மோட்டார்), மேலே மூடி, வெளிச்சம் படக்கூடாது. முதல் சில ஊறலுக்கு உப்பு தேவையே இல்லை, சாதாத் தண்ணீர் போதும், உப்புக் காசு மிச்சம். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்று, மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் எடுத்து எழுதி வை. எண்கள் இறங்கிக்கொண்டே வந்தால் சரியான பாதை. அழுகல் வாசனை நின்ற பிறகு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மெரைன் சால்ட் கலந்து, கடையில் விற்கும் பாட்டில் பாக்டீரியா ஊற்று, அதற்கு அப்புறம்தான் கல் நிஜமாக லைவ் ராக் ஆகத் தொடங்கும். காப்பர் டெஸ்டும் இந்த உப்புத்தண்ணீரில் போடு.

குடியாத்தம்_பவளம்:

ஆர்.ஓ. தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை தம்பி. நம் பக்கத்து போர் தண்ணீரில் பல இடங்களில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுகிறது, பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பகுதிகளில் குரோமியம் வேறு. அதனால் கல் ஊறவைக்கத்தானே என்று போர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், ருசிக்காக வடிகட்டாத தண்ணீரை மறுபடி கலந்துவிடும். அதை முழுதாக மூடிவிட்டுப் பிடியுங்கள், மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதற்கு முன்னாலிருந்து எடுங்கள். தொட்டிக்கு ஊற்றும்போது மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் வடிகட்டி ஒன்றும் சேர்த்தால் நல்லது.

ராமேஸ்வரம் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கல் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. கரையில் செத்து ஒதுங்கியதும் அதில் அடக்கம். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தே தீவுகளைக் கரைத்தார்கள், இப்போதுதான் மெல்ல மீண்டு வருகிறது. அங்கிருந்து ஒரு கல்கூட நம் தொட்டிக்கு வரக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ராக் குறைந்தால் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் செராமிக் ராக் கேட்டுப் பாருங்கள். 190 லிட்டருக்கு 20 கிலோவே தாராளம்.

காட்பாடி_நிமோ:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய நிலவரம்: துருப் பிடித்த துண்டு ஒன்றைக் கழித்துவிட்டேன். பிளீச், வெயில் எல்லாம் முடிந்து, சாதாத் தண்ணீர் ஊறலும் முடிந்து, இப்போது உப்புத்தண்ணீரில் இருக்கிறது. நாற்றம் சுத்தமாக இல்லை. காப்பர் டெஸ்டில் நிறமே வரவில்லை, சந்தேகத்துக்கு மறுபடி போட்டேன், அப்போதும் வரவில்லை. அம்மோனியா பூஜ்யம். பாஸ்பேட் மட்டும் முதலில் 1 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) மேல் காட்டியது, இப்போது 0.25. ஆனால் தண்ணீர் மாற்றினால் மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. தொட்டியில் அடுக்கலாமா? மீன் எப்போது விடலாம்?

சத்துவாச்சாரி_ரீஃப்:

நல்ல செய்தி. மறுபடி ஏறுவது ஒரு கல்லாலா எல்லாக் கல்லாலுமா என்று பார். கற்களை இரண்டு வாளியாகப் பிரித்து, அதே உப்புத்தண்ணீரில், காற்று பம்பு போட்டு, சில நாள் கழித்து இரண்டிலும் டெஸ்ட் எடு. பெரும்பாலும் ஓரிரண்டு பழுப்புக் கற்கள்தான் விடும், அவற்றை டிரம்மிலேயே விட்டு மற்றதை அடுக்கு. 0.1-க்குக் கீழே வந்தால் போதும், மிச்சத்தைத் தொட்டியில் பாஸ்பேட் ரிமூவர் பார்த்துக்கொள்ளும்.

அம்மோனியா பூஜ்யம் என்றதும் மீன் விட்டுவிடாதே, அழுகல் நின்றது என்பதற்குத்தான் அது ஆதாரம், பாக்டீரியா வளர்ந்ததற்கு இல்லை. கல்லைத் தொட்டியில் அடுக்கிய பிறகு அம்மோனியம் குளோரைடு போட்டுச் சோதி. நாட்டு மருந்துக் கடை நவச்சாரக் கட்டி வேண்டாம், லேப் கெமிக்கல் கடையில் சுத்தமானது வாங்கு. 190 லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் போட்டால் 2 பிபிஎம் வரும். அது 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு நிமோ ஜோடியை விடு. அனிமோனிக்கு இன்னும் சில மாதம் பொறு.

ராணிப்பேட்டை_உப்பு:

ப்ரோ, மீன் வருவதற்குள் பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். சித்திரை, வைகாசியில் கரண்ட் போனால் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறையும், அந்த நேரத்தில் கல்லில் இருக்கும் பாக்டீரியாவும் மீனும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். தொட்டி மேல் அடிக்கிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், ஆவியாகிக் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்பு சேர்க்க வேண்டாம்.