ஈலி தீவா, திட்டா? ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

இங்கிலாந்தில் உள்ள ஈலி என்ற ஊரைப் பற்றிய நம் தமிழ்க் கட்டுரைக்காக, 'ஃபென் ஐலண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'சதுப்புநிலத் தீவு' என்று போன மடலில் வந்திருந்தது. பொருள் தப்பில்லை. ஆனால் தீவு என்றதும் நமக்குக் கடல்தான் நினைவுக்கு வரும், ராமேசுவரம், நெடுந்தீவு மாதிரி. கேம்பிரிட்ஜுக்கு வடகிழக்கே இருக்கும் ஈலி அப்படிப்பட்ட இடமே இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 26 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு, அவ்வளவுதான். சுற்றிலும் நாணல் மக்கி மக்கிப் படிந்த கருப்புச் சேறு, ஓடை, குட்டை; குளிர்காலத்தில் வெள்ளம்.

731-இல் தன் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவியே ஈலியைத் தீவு என்று சொல்லவில்லை, சதுப்பும் நீரும் சூழ்ந்து "தீவைப் போல" இருக்கும் பகுதி என்றுதான் எழுதுகிறார். அங்கே விலாங்கு மீன் (ஆங்கிலத்தில் 'ஈல்') ஏராளம், அதனால்தான் அந்தப் பெயர் என்றும் சொல்கிறார்.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: திட்டு. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் முதலைமேடு திட்டு செய்தியில் வருகிறதே, அதே திட்டு. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு இருக்கிறது. ஈலிக்குப் பக்கத்தில் தோர்னி, ராம்சே என்று கிறித்தவ மடங்கள் இருந்த ஊர்கள் உண்டு, அந்தப் பெயர்களின் கடைசி அசை பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட மேட்டைக் குறிப்பது. தோர்னி என்றால் முள்திட்டு! நம் ஊர்ப்பெயரில் திட்டு ஒட்டிக்கொள்வது மாதிரியேதான் அங்கேயும் ஒட்டியிருக்கிறது. ஆகவே 'சதுப்புத்திட்டு' என்பது என் பரிந்துரை.

இன்னொரு காரணமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி அந்தச் சதுப்பை வடிக்கத் தொடங்கினார்கள், இன்று சுற்றிலும் வயல். தண்ணீர் போன பிறகு தீவு என்ற சொல் பொருந்தாது, திட்டு அப்போதும் பொருந்தும்.

ஃபென், போக் இரண்டையும் சதுப்பு என்றே எழுதுவதும் சரியில்லை. நிலத்தடி நீரும் ஆற்று நீரும் வந்து சேர்வது ஃபென், மழையை மட்டுமே நம்பியிருப்பது போக். 'வரத்துச்சதுப்பு', 'மழைச்சதுப்பு' என்று பிரிக்கலாம்.

அப்புறம் 'டபுள் மொனாஸ்டரி'. 'இரட்டை மடம்' என்றால் அடுத்தடுத்து இரண்டு மடம் என்று படிப்பவர் நினைப்பார். 673-இல் எத்தெல்ட்ரெடா ஈலியில் நிறுவியது ஒரே மடம். துறவிகளில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு, எல்லாருக்கும் தலைவி அவர். இங்கிலாந்தின் வடக்கே அப்போது இருந்த நார்தம்பிரியா நாட்டின் அரசியாக இருந்து துறவு பூண்டவர். 679-இல் இறந்தபோது மரப்பெட்டியில் புதைத்தார்கள். 16 ஆண்டு கழித்து, அடுத்த தலைவியான அவருடைய சகோதரி எலும்புகளைக் கோயிலுக்குள் மாற்ற நினைத்து, கல் தேடி வரும்படி ஆண் துறவிகளைப் படகில் அனுப்புகிறார், ஏனென்றால் திட்டில் பெரிய கல்லே கிடையாது. அவர்கள் பாழடைந்த ஒரு பழைய நகரின் மதிலோரம் வெள்ளைச் சலவைக்கல் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள் என்று பீட் எழுதுகிறார். சதுப்பு, படகு, கல் இல்லாத மண், பெண் சொல்லுக்குப் புறப்படும் ஆண் துறவிகள் என்று அந்த ஊரே இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அதனால் 'இருபால் மடம்' என்று வைப்போம். 'கன்னியர் மடம்' என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருந்தாலும் இங்கே அது ஆண்களை விட்டுவிடும். தலைவிக்கு 'மடத்தலைவி' போதும். ஆனால் 870-இல் கடல் கடந்து படையெடுத்து வந்த டேனியர் அழித்து, 970-இல் மறுபடி எழுப்பியபோது அது பெனடிக்ட் சபையின் ஆண்கள் மடம் ஆகிவிட்டது, 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்படும்வரை அப்படித்தான். ஆகவே கட்டுரையில் 970-க்குப் பிறகு வரும் இடங்களில் வெறும் 'மடம்' என்று மாற்றிவிடுங்கள்.